பிரமிடா, பெட்ராவா, அங்கோரா? உலக நினைவுச்சின்னங்களில் எதை முதலில் பார்ப்பது

உலகத்தில் பார்க்க வேண்டிய நினைவுச்சின்னங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் பத்துப் பதினைந்து பெயர்கள் மாறாமல் வந்துவிடும். பிரமிடு, பெட்ரா, அங்கோர் வாட், மச்சு பிச்சு, சீனப் பெருஞ்சுவர், கொலோசியம், தாஜ் மஹால், ஈஃபிள் கோபுரம், சுதந்திர தேவி சிலை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காசு, விடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே சமயத்தில் ஒத்துழைப்பது அபூர்வம். எல்லாவற்றுக்கும் போய்வருகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எதை முதலில் வைப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. படத்தில் பார்ப்பதற்கும் நேரில் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்? சில இடங்களை ஆயிரம் தடவை படத்தில் பார்த்திருப்போம். நேரில் போனாலும் அதே படம்தான், கொஞ்சம் பெரிதாக, முன்னால் நூறு தலைகளோடு. வேறு சில இடங்களை எவ்வளவு நன்றாகப் படம் எடுத்தாலும் அங்கே இருப்பதில் கால்வாசிகூட அதில் வராது. விமானச் சீட்டுக்குச் செலவழிப்பதென்றால் இரண்டாவது வகைக்குச் செலவழிக்கலாம். அதோடு, அந்த இடம் நம் உடம்பிடம் என்ன கேட்கிறது, எத்தனை நாள் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். புகழ் மூன்றாவதாக வந்தால் போதும்.

நாள் குறைவென்றால் கீசா, இருந்தால் அங்கோர்

எகிப்தின் கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடைக் கட்டி 4,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கட்டியபோது உயரம் சுமார் 146 மீட்டர். மேலே போர்த்தியிருந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும் உச்சிக் கல்லும் போய்விட்டதால் இன்று 138 சொச்சம். மொத்தம் ஏறத்தாழ 23 லட்சம் கற்கள். மனிதன் கட்டியதிலேயே உயரமானது என்ற பெயரை ஏறக்குறைய 3,800 ஆண்டுகள் வைத்திருந்தது. இந்த எண்களைப் படித்தால் மனதில் ஒட்டாது. அடியில் போய் நின்றால் ஒட்டும். அடிவரிசைக் கல் ஒன்று ஆளின் நெஞ்சளவுக்கு வருகிறது. அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று இருநூறு வரிசை. ஒரு பக்கத்தின் நீளம் 230 மீட்டர், அதனால் மறுமுனையில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. படத்தில் முக்கோணமாக அடங்கிக் கிடப்பது, நேரில் பார்வைக்குள் அடங்க மறுக்கிறது. அந்த வகையில் கீசா என் அளவுகோலில் தேறிவிடுகிறது.

பாலைவனத்தின் நடுவே தனியாக நிற்பது போலப் படங்கள் காட்டுவது மட்டும் பாதி உண்மை. இன்னொரு பக்கம் கெய்ரோ நகரத்தின் வீடுகள் பிரமிடு மேட்டின் ஓரம் வரை வந்துவிட்டன. ஒட்டகக்காரர்களின் நச்சரிப்பும் உண்டு. ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பதுதான் வழி.

பிரமிடுக்குள் போவதா என்பது தனிக் கேள்வி. சுமார் 1.2 மீட்டர் உயரமே உள்ள சாய்வழியில் குனிந்தபடி ஏற வேண்டும். அதைத் தாண்டியதும் பெருந்தாழ்வாரம் திடீரென்று எட்டரை மீட்டர் உயரத்துக்குத் திறக்கிறது. இரண்டு பக்கச் சுவர்களும் வரிசைக்கு வரிசை உள்வாங்கி மேலே குறுகிக்கொண்டே போகின்றன. அதன் முடிவில் அரசனின் அறை. அஸ்வானிலிருந்து நைல் வழியாக 800 கி.மீ. வந்த கிரானைட் கல், ஒரு மூலை உடைந்த காலிப் பெட்டி, அவ்வளவுதான். ஓவியமோ சித்திர எழுத்தோ கிடையாது. அடைசலான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இதை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் தெற்கே தஹ்ஷூருக்குப் போனால் கூஃபுவின் அப்பா ஸ்னெஃபெரு கட்டிய இரண்டு பிரமிடுகளைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். முதலாவது கீழ்ப்பாதியில் 54 டிகிரிச் செங்குத்தில் ஏறிவந்து, நடுவழியில் 43 டிகிரிக்கு மடங்கிவிடுகிறது. அடுத்ததை ஆரம்பத்திலிருந்தே 43 டிகிரியில் கட்டிவிட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுக் கீசாவுக்கு வந்தால் கூஃபுவின் ஆட்களுக்கு அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 2013இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் கொண்டுபோய் இறக்கிய வேலையை நாள்வாரியாக அதில் குறித்து வைத்திருக்கிறார். வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஏடு பெரிய தொந்தரவு. கீசாவிலேயே பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்துவிட்டது. கூஃபுவின் தேவதாரு மரக் கப்பல், 43 மீட்டர் நீளம், அங்கேதான் இருக்கிறது. பிரமிடுக்கு ஒரு நாள், அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள். கீசா அதற்குமேல் கேட்பதில்லை.

கம்போடியாவில் உள்ள அங்கோரின் கதை வேறு. அங்கோர் வாட் என்பது ஒரே ஒரு கோயில். அதைச் சுற்றியிருக்கும் அங்கோர் தொல்லியல் பூங்கா சுமார் 400 சதுர கி.மீ. பரப்பு, உள்ளே டஜன் கணக்கில் கோயில்கள். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று போகிறவர்கள் விடியற்காலையில் குளக்கரையில் நின்று சூரிய உதயத்தைப் படமெடுத்துவிட்டு, வெயில் ஏறியதும் களைத்துத் திரும்பிவிடுகிறார்கள். நுழைவுச் சீட்டே ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்றுதான் கிடைக்கிறது. மூன்று நாள் சீட்டு சரியாக இருக்கும்.

இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்காக எடுத்த கோயில் இது. வாசல் மேற்கு பார்த்தது. அகழி மட்டும் 190 மீட்டர் அகலம். அதைக் கடந்து, நீண்ட கல்பாதையில் நடந்து, ஒவ்வொரு திருச்சுற்றாக ஏறிப் போகும்போது ஐந்து கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து மறுபடி எழும். இந்த நடையை எந்தப் படமும் தராது. அப்புறம் கீழ்ச்சுற்றின் சுவர்ச் சிற்பங்கள். கிழக்குப் பக்கத்தில் பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் 92 அசுரர்கள், இன்னொரு பக்கம் 88 தேவர்கள், நடுவே விஷ்ணு. பெரும்பாலானவர்கள் இழுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவார்கள். குனிந்து கடலைப் பாருங்கள். ஓரத்தில் மீனும் முதலையும் அமைதியாக நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்க அவை சுழலில் சிக்கித் துண்டுதுண்டாகச் சிதறுகின்றன. செதுக்கியவர் நீரின் வேகத்தைக் காட்ட அலையை நம்பவில்லை, மீனை நம்பியிருக்கிறார். கைபட்டுக் கைபட்டுச் சில இடங்களில் கல் கருப்பாக மின்னும். நீங்கள் தொடாதீர்கள்.

ஏழாம் ஜெயவர்மனின் பாயோன் கோயிலில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு கல்முகம் சிரித்துக்கொண்டிருக்கும். தா ப்ரோம் கோயிலை மரவேர்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. அங்கே கூட்டம் அதிகம், சீக்கிரம் போய்விட வேண்டும். அங்கோர் வாட்டின் நடுக்கோபுர மேல்தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், படிகளும் செங்குத்து. ஏப்ரல் வெயிலில் போவது வீண் வேதனை.

ஆகவே இரண்டில் எது? இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது, சாதனை போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் கீசா. மூன்று நாளும் பொறுமையாகப் பார்க்கும் மனசும் இருந்தால் அங்கோர். பழைய நினைவுச்சின்னங்களில் ஒன்றே ஒன்று என்று கட்டாயப்படுத்தினால் நான் அங்கோர் என்றுதான் சொல்வேன்.

கால் பலமாக இருக்கும்போதே: பெட்ரா, மச்சு பிச்சு, பெருஞ்சுவர்

இந்த மூன்றும் நடக்க வைப்பவை. ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் பாதிதான் பார்க்கக் கிடைக்கும்.

ஜோர்டானில் உள்ள பெட்ராவில் சீக் என்ற பாறை இடுக்கு வழியாக சுமார் 1.2 கி.மீ. நடந்தால்தான் ஊருக்குள் போக முடியும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. சில இடங்களில் மேலே வானம் ஒரு கோடாகத்தான் தெரியும். நடக்கும்போது சுவரோரத்தைக் கவனியுங்கள். இந்த ஊரை உருவாக்கிய நபாட்டியர்கள் பாறையில் வெட்டிய நீர்க்கால்வாய் கூடவே வரும்; ஒரு பக்கத்தில் சுட்ட மண்குழாய்கள் பதித்த தடங்களும் உண்டு. பாலைவனத்தில் ஒரு நகரமே பிழைத்த ரகசியம் அந்தக் கால்வாய்தான். கடைசி வளைவில் இடுக்கு விலகி, கருவூலம் என்று பெயர்பெற்ற முகப்பு 40 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அதை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சியில் உள்ள கல் கலசத்துக்குள் புதையல் இருப்பதாக நம்பிச் சுட்டுப் பார்த்த குண்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கலசம் முழுக்கக் கெட்டிப் பாறை.

அரைநாள் சுற்றுலாக்காரர்கள் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள், பாவம். பெட்ராவின் பெரும்பகுதி அதற்கப்புறம்தான் வருகிறது: பாறையில் குடைந்த அரங்கம், அரச கல்லறைகள், வண்ண வண்ணமாக வரியோடிய மணற்கல் குகைகள். கடைசியில் எண்ணூறு படிக்கு மேல் ஏறினால் மடாலயம் என்று அழைக்கப்படும் முகப்பு; கருவூலத்தைவிடப் பெரியது, கூட்டமோ மிகக் குறைவு. கருவூலத்தில் முற்பகலில் வெயில் விழும், மடாலயத்தில் பிற்பகலில். அந்த வரிசையில் போனால் வெளிச்சம் சரியாக அமையும். மழைக்காலத்தில் சீக்கில் திடீர் வெள்ளம் வரும் ஆபத்து உண்டு, மூடிவிட்டால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

பெரு நாட்டின் மச்சு பிச்சுவில் சிக்கல் என்னவென்றால் அந்தப் புகழ்பெற்ற படமும் நேரில் தெரிவதும் ஏறக்குறைய ஒன்று. படத்தில் வராதது ஆழம்: கீழே நானூறு மீட்டருக்கும் அதிகமான பள்ளத்தில் உருபம்பா நதி மலையை மூன்று பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது. சாந்து இல்லாமல் ஒட்டவைத்த கற்களின் இணைப்பையும் கிட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்ற இன்கா பேரரசன் காலத்து ஊர் இது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, நேரம் குறித்த சீட்டு, உள்ளே குறிப்பிட்ட சுற்றுவழிகள். எல்லாச் சீட்டிலும் அந்தப் பிரபலமான கோணம் வராது. எந்த வழி என்று பார்த்து வாங்காவிட்டால் அவ்வளவு தூரம் போயும் அந்தக் காட்சி கிடைக்காது.

உயரம் பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். போகும் வழியில் உள்ள கூஸ்கோ நகரம்தான் 3,400 மீட்டர், தலைவலியும் மூச்சிரைப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். கூஸ்கோவில் இறங்கியதும் தாழ்வான பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு, மச்சு பிச்சுவைப் பார்த்து, கூஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொண்டால் உடம்பு பழகிவிடும். என் கணக்கில் பெட்ரா முன்னால், மச்சு பிச்சு பின்னால். மலையேற்றத்தில் ஆசை உள்ளவர்கள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாலு நாள் இன்கா பாதையில் நடந்து மேலிருந்து இறங்கி வருவதென்றால் கணக்கே மாறிவிடும்.

சீனப் பெருஞ்சுவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் வெளியான சீன அரசின் கணக்குப்படி எல்லா வம்சத்துச் சுவர்களும் சேர்ந்து 21,196 கி.மீ. போவதா என்பதைவிட எந்தத் துண்டுக்குப் போவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. பாதாலிங் பெய்ஜிங்கிலிருந்து சுலபம், கூட்டமும் அதற்கேற்றபடி. முதியன்யூ நடுத்தரம், கேபிள் காரில் ஏறிச் சறுக்கு வண்டியில் இறங்கலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான். ஜின்ஷான்லிங்கில் பழுதுபார்க்காத பகுதிகளும் உண்டு, நடக்கத் தெம்பு வேண்டும், ஆள் குறைவு. நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பது கட்டுக்கதை.

ரோமா, ஏதென்ஸா?

கொலோசியத்தைக் கி.பி. 80இல் திறந்தார்கள், சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். வெளிச்சுவர் மிச்சமிருக்கும் பகுதியில் வளைவுகளுக்கு மேலே பாருங்கள், வாயில் எண்கள் ரோம இலக்கத்தில் 23லிருந்து 54 வரை இன்னும் தெரிகின்றன. சீட்டில் போட்ட எண்ணைப் பார்த்து வாயிலைத் தேடும் வழக்கம் இரண்டாயிரம் வருஷமாக மாறவில்லை. ஆனாலும் வெளியே நின்று பார்ப்பதில் கிடைக்கும் பிரமிப்பு, வரிசையில் நின்று உள்ளே போய்ச் சிதிலத்தைப் பார்ப்பதில் கிடைப்பதில்லை.

ரோமில் என் ஓட்டு பாந்தியனுக்கு. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் கோயில், 43 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். உள்ளே இரும்புக் கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரியது அதுதான். உச்சியில் ஒரு வட்டத் திறப்பு, கண்ணாடி எதுவும் இல்லை. மழை பெய்தால் மழை உள்ளேயே விழும், தரையில் உள்ள சின்னத் துளைகள் வழியாக வடிந்துபோகும். வெயில் நாளில் ஒரு ஒளிவட்டம் சுவரில் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். இதைப் படம் எடுத்தால் ஒரு வெள்ளைப் புள்ளிதான் வரும்.

ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் கி.மு. 447இல் தொடங்கியது. 1687இல் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்து நடுப்பகுதி சிதறியது. மிஞ்சிய சிற்பங்களில் ஏறத்தாழப் பாதியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் மலைமேல் கட்டடத்தையும் அடிவாரத்தில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாகும். கோடையில் வெப்பம் எல்லை மீறும் நாட்களில் நடுப்பகலில் மூடிவிடுகிறார்கள். இரண்டில் ஒன்று என்றால் ரோம், அங்கே ஒரே ஊரில் பார்க்க அத்தனை இருக்கிறது.

விட்டாலும் பரவாயில்லை என்பவை

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் வழக்கமான சீட்டோடு போனால் கற்களுக்குள் நடக்க முடியாது, கயிற்றுக்கு வெளியே சுற்றிவர வேண்டும். நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, சுமார் 750 கி.மீ. தொலைவிலிருந்து வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வியப்பான செய்திதான், ஆனால் அதை வீட்டிலிருந்தே வியக்கலாம். அங்கிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் ஏவ்பரி இருக்கிறது. கல்வட்டத்தின் நடுவிலேயே ஒரு கிராமம், கற்களைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம். அதற்குப் போங்கள்.

சுதந்திர தேவி சிலையின் செப்புத்தோல் 2.4 மில்லிமீட்டர் தடிமன்தான்; உள்ளே தாங்கும் இரும்புச் சட்டம் பொறியாளர் ஈஃபிள் வடிவமைத்தது. கிரீடத்துக்கு ஏற முன்பதிவு கிடைத்தால் அந்த உள்ளமைப்பைப் பார்க்கலாம், அது தனி அனுபவம். கிடைக்காவிட்டால் ஸ்டேட்டன் தீவுப் படகில் இலவசமாக அந்தப் பக்கம் போய்வந்தாலே போதும். ரியோவின் மீட்பர் கிறிஸ்து சிலையும் இதே ரகம். கிட்டத்தில் நின்றால் கழுத்து வலிக்கும், எதிரே சுகர்லோஃப் குன்றிலிருந்து மலையும் சிலையும் சேர்ந்து தெரியும். மேகம் மூடிய நாளில் சிலை நிற்கும் கொர்கொவாடோ மலைக்கு ஏறிப் பிரயோசனமில்லை.

துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரம் 828 மீட்டர். லிஃப்டில் ஏறி, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்து, இறங்கிவிடலாம். அதற்கென்று தனிப் பயணம் எதற்கு? விமானம் மாறும் இடைவெளியில் பார்த்தால் போதும். ஈஃபிள் கோபுரம் அப்படியில்லை, தூரத்துப் படங்களில் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. 1889இல் 18,038 இரும்புத் துண்டுகளை 25 லட்சம் ரிவெட்டுகளால் கோத்து நிறுத்திய பின்னல் வேலை அது. 674 படி ஏறி இரண்டாவது தளத்துக்கு நடந்தே போனால் அந்தப் பின்னலுக்குள்ளேயே நடக்கிறோம். லிஃப்ட் வரிசையைவிட இது எவ்வளவோ மேல். உச்சி வரை போக வேண்டும் என்று அவசியமில்லை. அங்கிருந்து பார்க்கும் பாரிஸில் ஈஃபிள் கோபுரம் இருக்காது.

தாஜ் மஹாலையும் இந்த வகையில் தள்ளிவிடலாமென்று தோன்றும், ஏனென்றால் அந்த முகப்பு எல்லோருக்கும் மனப்பாடம். தள்ள வேண்டாம். கிட்டே போய் வாயில் வளைவைச் சுற்றிய கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அளவு. உண்மையில் மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பளிங்கில் பதித்த பூக்களில் ஒரே இதழுக்குள் பல துண்டுக் கற்கள். வெள்ளிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு விடுமுறை என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

புதியவற்றில் ஒன்று: சக்ராடா ஃபமீலியா

நவீன நினைவுச்சின்னங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் பார்சிலோனாவைச் சொல்வேன். 1882இல் தொடங்கிய தேவாலயம். மறுவருஷம் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் கௌடி 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே இருந்தார், நிலவறையில்தான் அவருடைய கல்லறை. இயேசு கோபுரத்தின் திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர், 2025 அக்டோபரிலேயே உலகின் மிக உயரமான தேவாலயம் என்ற பெயர் இதற்கு வந்துவிட்டது.

உயரத்துக்காகப் போக வேண்டாம், உள்ளே போங்கள். தூண்கள் மேலே கிளைவிட்டுக் கூரையைத் தாங்குகின்றன. சுமக்கும் பாரத்துக்கேற்பத் தூண்களுக்கு வெவ்வேறு வகைக் கல். கிழக்குச் சன்னல்களில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும். காலையில் போனால் ஒரு கோயில், மாலையில் போனால் வேறு கோயில். சீட்டு நேரம் குறித்துத்தான் தருகிறார்கள், ஆகவே எந்த நிறம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வாயிலில் இயேசுவின் பாடுகளைச் செதுக்கியிருக்கும் சுவரில் பதினாறு கட்டமுள்ள ஒரு எண்சதுரம் இருக்கும். குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் 33.

சிட்னி ஓபரா ஹவுஸ் இதற்கு நேரெதிர், அழகெல்லாம் வெளியே. 1957இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சான் வென்றார். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் போய் முடிந்தது. அரசோடு மனத்தாங்கலாகி 1966இல் விலகிய உட்சான், 1973இல் திறந்த கட்டடத்தைக் கடைசிவரை வந்து பார்க்கவேயில்லை. தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரியும் கூரையைப் படியேறிக் கிட்டப் போய்ப் பாருங்கள்: பளபளக்கும் வெள்ளை ஓடும் மங்கலான பழுப்பு வெள்ளை ஓடும் மாறிமாறி, பத்து லட்சத்துக்கும் மேல். உள்ளே சுற்றிக்காட்டும் பயணத்தைவிட ஏதாவது ஒரு கச்சேரிக்குச் சீட்டு வாங்குவது நல்லது. இதற்காக மட்டும் ஆஸ்திரேலியா வரை போவதா என்றால், இல்லை. வேறு வேலையாகப் போனால் தவறவிடக் கூடாது.

பட்டியல்களில் கீழே போய்விடுபவை

போரில் இறந்தவர்களுக்கான நினைவிடங்களை இந்தப் பட்டியல்களில் யாரும் மேலே வைப்பதில்லை. என் அளவுகோலில் இவை மேலே வந்துவிடுகின்றன, படத்தில் இவற்றில் எதுவுமே தெரியாது.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச்சுவர் 1982இல் திறந்தது. பெயர் போடாமல் நடத்திய போட்டியில் வந்த 1,421 வடிவங்களில் ஜெயித்தவர் மாயா லின் என்ற 21 வயது மாணவி. படத்தில் அது ஒரு கறுப்புச் சுவர். நேரில், புல்தரையில் கணுக்கால் உயரத்தில் தொடங்கும் கல், பாதை இறங்க இறங்க வளர்ந்து, நடுமூலையில் மொத்தம் மூன்று மீட்டர் உயரமாகித் தலையைத் தாண்டிவிடுகிறது. 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி எதுவும் போடாமல், இறந்த வரிசையில். முதல் பெயர்கள் நடுமூலையில் தொடங்கி வலது கோடிவரை போகின்றன. அப்புறம் இடது கோடியிலிருந்து திரும்பி வந்து, கடைசிப் பெயர் முதல் பெயருக்குப் பக்கத்திலேயே முடிகிறது. பளபளப்பாக இழைத்த கல் என்பதால் படிக்கிறவரின் முகம் பெயர்களுக்குப் பின்னால் தெரிந்துகொண்டேயிருக்கும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்துக்கொண்டு போகிறவர்களை எப்போதும் பார்க்கலாம்.

பெர்லினில், கொல்லப்பட்ட யூதர்களுக்காக 2005இல் அமைத்த 2,711 கான்கிரீட் கட்டைகள். தெருவிலிருந்து பார்த்தால் தாழ்வாக, சமமாகத் தெரியும். உள்ளே நடந்தால் தரை இறங்கிக்கொண்டே போய், கட்டைகள் தலைக்கு மேலே எழுந்து, கூட வந்தவர் எந்தச் சந்தில் திரும்பினார் என்றே தெரியாமல் போகும். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் குவிமாடம், 1915இல் கட்டிய கண்காட்சி மண்டபம். குண்டு ஏறக்குறைய நேர் மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் சில சுவர்கள் விழாமல் நின்றுவிட்டன. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பார்க்க ஒரு பகல் போதும். ஆனால் அன்று மாலை வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த மூன்றையும் வெளியிலிருந்து பார்க்கச் சீட்டு வேண்டியதில்லை, முன்பதிவும் இல்லை.

சரி, எப்போது விடுப்பு?

கடைசியில் பல நேரம் முடிவெடுப்பது மாதம்தான். டிசம்பர், ஜனவரி என்றால் அங்கோரும் கீசாவும் இதமாக இருக்கும்; இரண்டில் எது என்பதை மேலே சொன்னபடி நாள் கணக்கை வைத்து முடிவு செய்யலாம். மார்ச்சிலிருந்து மே வரையோ அக்டோபர், நவம்பரிலோ கிடைத்தால் பெட்ரா. கெய்ரோவிலிருந்து அம்மானுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சாலையில் மூன்று மணி நேரம் என்பதால், பத்து நாள் இருந்தால் கீசாவையும் பெட்ராவையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிடலாம். ஐரோப்பாவில் பார்சிலோனாவையும் பாரிஸையும் நேரடி ரயில் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் இணைக்கிறது. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இந்த ஜோடிதான் பொருத்தம், இரண்டிலும் ஏறாமலே நிறையப் பார்க்கலாம்.

ஜூன், ஜூலையில்தான் விடுப்பு என்றால் மச்சு பிச்சு. அது அங்கே மழையில்லாத காலம், ஆகவே கூட்டம் உச்சத்தில் இருக்கும். நுழைவுச் சீட்டில் நமக்கு வேண்டிய சுற்றுவழி எந்தத் தேதியில் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் விமானச் சீட்டு எடுங்கள்.